கிறீனிச் நூதனசாலையும் பழங்கப்பல்களும்

சிலையையும் ஓவியத்தையும் ஓலைச்சுவடியையும் பேணுதல் ஒரு வகை. கப்பலைப் பேணுதல் மற்றொரு வகை. கோபுரம் நின்ற இடத்தில் நிற்பதற்கென எழுப்பப்பட்டது. ஓவியம் சுவரில் அமர்வதற்கென வரையப்பட்டது. கப்பலோ ஓரிடத்தும் நில்லாது செல்வதற்கென்றே கட்டப்பட்டது. செல்லப் பிறந்த பொருளை நிறுத்தி வைத்துக் காட்டப் புகுவோர் தொடக்கத்திலேயே ஒரு முரண்பாட்டை ஏற்றுக்கொள்கின்றனர். அம்முரண்பாட்டை அவர்கள் எவ்வாறு கையாளுகின்றனர் என்பதைக் கொண்டே ஒரு கடல்சார் நூதனசாலையின் தகுதியை அளத்தல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு, இலண்டன் மாநகரில் தேம்சு நதியின் தென்கரையிலுள்ள கிறீனிச் தேசிய கடல்சார் நூதனசாலையையும், அவ்விடத்தோடு தொடர்புற்ற மூன்று கப்பல்களின் கதையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நூதனசாலை 1934ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினால் நிறுவப்பெற்றது. 1937ஆம் ஆண்டு ஏப்பிரில் 27ஆந் திகதி ஆறாம் யோர்ச் மன்னர் அதனைத் திறந்து வைத்தார். கப்பல் வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டிய சேர் யேம்ஸ் கெயாட் என்பார் வரையாது வழங்கிய கொடையே அதன் முதற் செல்வமாயிற்று. ஓவியங்களும் கடற்படங்களும் கருவிகளும் மாதிரிக் கப்பல்களும் அவர் உதவியால் அங்கே குவிந்தன. 1805ஆம் ஆண்டு திராபல்கர்ப் போரிலே நெல்சன் தளபதி அணிந்திருந்த, தோட்பக்கத்திற் குண்டு துளைத்த மேலங்கியும் அந்நூதனசாலைக்குரியதே. கடலைப் பற்றிய பொருள்களை இத்துணை நிறைவாக ஒருங்கே கொண்ட இடங்கள் உலகிற் சிலவே. ஆயினும், கடலைப் பற்றிய பொருள்கள் வேறு, கடலிற் சென்ற கப்பல் வேறு. மாதிரிக் கப்பல் வடிவை உணர்த்தும். ஓவியம் தோற்றத்தை உணர்த்தும். முழுக்கப்பலை அறையினுள் வைத்தல் அரிது. ஆதலின், உண்மைக் கப்பலொன்றைக் காக்க வேண்டிய நிலை வந்தபோது இந்நாட்டுக் கடல்மரபின் காவலர் யாது செய்தனர் என்பதே நம் முதல் வினா.

அவ்வினாவுக்குக் கிடைக்கும் முதல் விடை துயரமானது. 'இம்பிளாக்கபிள்' என்பது 74 பீரங்கி தாங்கிய மரக்கப்பல். 'டுகே துரூவான்' என்னும் பெயரோடு பிரான்சு நாட்டிலே 1800ஆம் ஆண்டில் நீரில் இறங்கியது. திராபல்கர்ப் போரிலே பிரெஞ்சுக் கொடியின்கீழ் நின்றது. அப்போர் முடிந்து இரு வாரங்கள் செல்லுமுன் ஆங்கிலேயர் கையிற் சிக்கிப் புதுப்பெயர் பெற்றது. பின்னர் அது பிரித்தானியக் கடற்படையிற் பணியாற்றியது; சிறுவர்க்குக் கடற்றொழில் பயிற்றும் பள்ளியாகவும் நெடுங்காலம் மிதந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அது நலிந்திருந்தது. அதனைக் கிறீனிச்சுக்குக் கொணர்ந்து காக்க வேண்டுமென நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பிராங் கார் முயன்றார். போரினால் வறுமையுற்றிருந்த அரசு செலவுக்கஞ்சி மறுத்தது. பிரான்சும் அதனை ஏற்க முன்வரவில்லை. 1949ஆம் ஆண்டு திசெம்பர் 2ஆந் திகதி, இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி, ஆங்கிலக் கால்வாயிலே வெடிவைத்து அதனை அமிழ்த்தினர். வெடித்த பின்னும் அக்கப்பல் உடனே மூழ்கிற்றிலது. மேற்பகுதி நெடுநேரம் மிதந்து நின்றது. அதன் அணியத்துச் சிற்பமும் பின்புறத்து அலங்காரமும் மட்டும் நூதனசாலையைச் சேர்ந்தன.

பழுதுற்ற கப்பலை அமிழ்த்தியவர்கள் அதற்குக் கொடியேற்றி மரியாதையும் செய்தனர். மரியாதைக்கு வேண்டிய மனம் இருந்தது. பேணுதற்கு வேண்டிய திட்டம் இல்லை. ஒரு நாடு தன் பழமையை மதிப்பதாகக் கூறுவதற்கும் அதனைக் காப்பதற்கும் இடையிலுள்ள தொலைவை இதனினுந் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. எனினும் அவ்விழப்பு வீண்போகவில்லை. மற்றொரு கப்பலுக்கு அவ்விதி நேர்தல் கூடாதென்ற எண்ணம் வலுப்பெற்றது. உலகின் பழங்கப்பல்களைக் காக்கப் பிற்காலத்தில் எழுந்த அறக்கட்டளையொன்று, இம்பிளாக்கபிளுக்கு நேர்ந்தது இனி நேராதென்னும் கருத்தையே தன் குறிக்கோளுரையாக்கிக் கொண்டது. பிராங் காரும் தம் முயற்சியை மற்றொரு கப்பலின்பாற் செலுத்தினார். அதுவே 'கற்றி சார்க்'.

கற்றி சார்க் 1869ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி, ஸ்கொத்லாந்திலுள்ள டம்பாட்டன் என்னும் ஊரில் நீரில் இறக்கப்பட்டது. குறுஞ்சட்டை எனப் பொருள்படும் அப்பெயர், ரொபர்ட் பேண்ஸ் என்னும் கவிஞரின் பாட்டொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. வங்குகள் இரும்பினாலாயவை, அவற்றின்மேல் அறையப்பட்ட பலகைகள் மரத்தினாலாயவை. நீர்மட்டத்துக்கு மேலே தேக்கும் கீழே ஒருவகை எல்ம் மரமும் பயன்பட்டன. பாசியும் புழுவும் அணுகாவண்ணம் அடிப்பகுதி செம்பும் நாகமும் கலந்த உலோகத் தகட்டினாற் போர்த்தப்பட்டது. சீனத்துத் தேயிலையை இலண்டனுக்கு விரைந்து கொணர்வதே அதன் தொழில். ஆனால் அது நீரில் இறங்குவதற்கு ஐந்து நாள்களுக்கு முன்னரே சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டுவிட்டது. நீராவிக் கப்பல்கள் குறுக்குவழியிற் செல்ல, காற்றை நம்பிய பாய்க்கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றியே வரவேண்டியிருந்தன. 1870ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலைப் பயணங்கள் எட்டோடு முடிவுற்றன. பின்னர் அவுஸ்திரேலியக் கம்பளி வாணிகத்திலேயே அது பெரும்புகழ் ஈட்டியது. சிட்னியிலிருந்து இலண்டனுக்கு 73 நாள்களில் வந்தடைந்த பயணம் அக்காலத்ததே. இலங்கைத் தேயிலை இலண்டன் சந்தையிற் பெருகிய காலத்தில் இக்கப்பல் தேயிலை வாணிகத்தை விட்டு நீங்கியிருந்தது. ஆகவே அதன் புகழோடு நம் மலைநாட்டுத் தேயிலையைச் சேர்த்துப் பேசுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

அக்கப்பலின் வரலாற்றிலே 1872ஆம் ஆண்டின் நிகழ்ச்சி நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டப்படுவது. அவ்வாண்டு அது 'தேர்மொப்பிலி' என்னும் கப்பலோடு போட்டியிட்டுச் சீனத்திலிருந்து புறப்பட்டது. முன்னணியில் வந்துகொண்டிருந்தபோது, இந்துசமுத்திரத்திலே புயலில் அகப்பட்டுச் சுக்கானை இழந்தது. அருகிலுள்ள துறைமுகத்தை நாடாது, கப்பலிலிருந்த மாற்று மரங்களையும் இரும்பையுங் கொண்டு, கொந்தளிக்கும் கடலின் நடுவிலேயே கப்பற்றச்சர் புதுச் சுக்கானொன்றைச் செய்து பொருத்தினார். அதுவும் பழுதுற, மீண்டும் திருத்தினர். போட்டியிலே தேர்மொப்பிலி ஒரு வாரம் முந்தியது. எனினும் கடலோடிகள் நினைவில் நிலைத்தது வென்ற கப்பலின் வேகமன்று; தோற்ற கப்பலிற் பணியாற்றிய தச்சரின் கைத்திறனே. இதனை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

1895ஆம் ஆண்டில் இக்கப்பல் போர்த்துக்கேயர்க்கு விற்கப்பட்டு வேறு பெயரோடு உழைத்தது. 1922ஆம் ஆண்டில் டௌமன் என்னும் கப்பற்றலைவர் அதனைத் தம் பொருள் கொண்டு மீட்டுப் பழைய கோலத்துக்குக் கொணர்ந்தார். 1938ஆம் ஆண்டு முதல் தேம்சு நதியிலே மாலுமிப் பயிற்சிக்குத் துணையாயிற்று. 1954ஆம் ஆண்டிலே, அதற்கெனக் கிறீனிச்சில் அமைக்கப்பட்ட உலர்துறையிற் கொண்டுசென்று நிறுத்தினர். 1957ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத் அரசியார் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். அந்நாளிலே தனி அறக்கட்டளையொன்றின் பொறுப்பிலிருந்த இக்கப்பல் இன்று நூதனசாலையோடு ஒரே நிர்வாகத்தின்கீழ் உளது.

உலர்துறை அக்கப்பலைக் காத்தது. அதுவே அதற்கு நோயும் தந்தது. மிதக்கும் கப்பலைக் கடல்நீர் நாற்புறமும் அழுத்தித் தாங்குகின்றது. நிலத்தில் நிறுத்தியபோது உடற்பாரமெல்லாம் அடிமரமாகிய ஏராவின்மேல் விழ, பக்கங்கள் தாழ்ந்து வடிவு குலையத் தொடங்கியது. நெடுங்காலம் ஊறிய கடலுப்பு வங்குகளின் இரும்பை அரித்தது. இவற்றைத் திருத்த வேண்டிப் பெருந்திட்டமொன்றை வகுத்துக் கப்பலைப் பகுதி பகுதியாகக் கழற்றிக்கொண்டிருந்த வேளையில், 2007ஆம் ஆண்டு மே 21ஆந் திகதி அதிகாலை தீப்பற்றியது. தூசியுறிஞ்சும் பொறியொன்று வார இறுதி முழுவதும் நிறுத்தப்படாது ஓடியமையே பெரும்பாலும் காரணமாகலாமென விசாரணை கூறியது. பாய்மரங்களும் அணியத்துச் சிற்பமும் பலகைகளில் ஏறத்தாழப் பாதியும் முன்னரே கழற்றி வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தமையால் கப்பல் பிழைத்தது. ஏறத்தாழ 5 கோடிப் பவுண் செலவிற் புதுக்கப்பட்டு 2012ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

இப்புதுக்கோலமே கண்டனத்துக்கு இடமாயிற்று. கப்பலை ஏறத்தாழ 3 மீற்றர் உயர்த்தி, உருக்குத் தாங்கிகளில் நிறுத்தி, நீர்மட்டக் கோட்டைச் சுற்றிக் கண்ணாடிக் கூரையொன்றை அமைத்தனர். கூரையின்கீழே உலர்துறை ஒரு மண்டபமாயிற்று. கப்பலின் அடியிலே மக்கள் நடமாடலாம். பழைமை பேணுவோர் பலர் இதனை வெறுத்தனர். கட்டடக்கலைத் துறை இதழொன்று, அவ்வாண்டு எழுந்த கட்டடங்களுள் மிக அழகற்றதற்கென வழங்கிவந்த ஏளனப் பரிசை இதற்கே அளித்தது.

இக்கண்டனத்தை முழுதும் ஏற்பதும் முழுதும் தள்ளுவதும் நேரிதன்று. உயர்த்தியமைக்குத் தக்க காரணமுண்டு. ஏராவின்மேல் விழுந்த பாரத்தை உருக்குத் தாங்கிகள் பகிர்ந்துகொண்டன, வடிவுகுலைவு தடுக்கப்பட்டது. அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர், நீரைக் கிழிப்பதற்கென அமைந்த கூரிய அணியத்தின் வளைவை இதற்குமுன் காணாத அணிமையிற் காண்கின்றனர். இது சிறு பயனன்று. ஆனால் வெளியில் நின்று காண்பவர்க்கு நேர்ந்தது வேறு. கற்றி சார்க்கின் அழகு, அணியந்தொட்டு அமரம்வரை அறுபடாது ஓடும் கோட்டில் உளது. அக்கோட்டைக் கண்ணாடிக் கூரை இடையே வெட்டுகின்றது. மேற்பாதி வெளியிலும் கீழ்ப்பாதி உள்ளிலும் என ஒரே உடல் இரு காட்சிகளாயிற்று. உடலைக் காத்தவர்கள் உருவைப் பகுத்துவிட்டனர் என்பதே நம் தீர்ப்பு. மண்டபத்தை விருந்துகளுக்கு வாடகைக்கு விட்டுப் பராமரிப்புக்குப் பொருள் தேடும் தேவையும் இவ்வமைப்பிற் கலந்துள்ளது. அத்தேவையை இகழ்தல் எளிது. செலவுக்கஞ்சி அமிழ்த்தப்பட்ட இம்பிளாக்கபிளை நினைப்பவர் அவ்வாறு இகழத் துணியார்.

இனி, இக்கப்பலைப் பற்றிக் கூறுவோர் அதன் உடலிற் பெரும்பகுதி பழைய மூலப்பொருளே எனப் பெருமையுறுவர். இப்பெருமையின் தன்மையை ஆராய்தல் தகும். கிரேக்கர் தீசியசு என்னும் வீரனது கப்பலைப் பன்னெடுங்காலம் பேணினர் என்றும், உளுத்த பலகைகளை நீக்கிப் புதியன பொருத்தி வந்தமையால் அது பழைய கப்பலா புதிய கப்பலா என்று தத்துவ ஞானிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதியுள்ளார். பொருளே கப்பலென ஒரு சாராரும், உருவே கப்பலென மற்றொரு சாராரும் இன்றுவரை வழக்காடுகின்றனர். இவ்விரு சாராரும் நோக்காத ஒருவன் உளன். உளுத்த பலகையைக் கண்டறிந்து, அதற்கேற்ற மரந்தேர்ந்து, முன்னிருந்த வளைவு பிசகாது செதுக்கிப் பொருத்திய தச்சனே அவன். அவனில்லையேற் பொருளும் நில்லாது, உருவும் நில்லாது. கடலிற் செல்லும் எந்த மரக்கப்பலும் ஆண்டுதோறும் பழுதுபார்க்கப்படுவது. பழுதுபார்த்தலே அதன் உயிர். போட்ஸ்மத்தில் நிற்கும் நெல்சனின் 'விக்ரறி' கப்பலிலே 1805ஆம் ஆண்டின் மரத்திற் சிறு பகுதியே இன்று உளது. ஆயினும் அதனை நெல்சனின் கப்பலன்று என்று எவரும் கூறுவதில்லை. ஏனெனிற் பேணும் கைகளின் தொடர்ச்சி அங்கே அறவில்லை.

மூன்றாங் கப்பலின் கதை இக்கருத்தை மேலும் விளக்கும். 'ஜிப்சி மொத் 4' என்பது சிறு பாய்க்கலம். 1966, 1967ஆம் ஆண்டுகளிலே, முதுமை எய்திய பிரான்சிஸ் சிச்செஸ்ரர் அதில் தன்னந்தனியாய்ப் புறப்பட்டுச் சிட்னியில் மட்டும் தங்கி உலகைச் சுற்றி வந்தார். கடலிற் கழிந்த நாள்கள் 226. அரசியார் கிறீனிச்சிலேயே அவருக்கு வீரப்பட்டம் அளித்தார். 1968ஆம் ஆண்டில் அக்கலத்தைக் கற்றி சார்க்கின் அருகே நிலத்தில் நிறுத்தி வைத்தனர். உலகைச் சுற்றிய கலம், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மழையிலும் வெயிலிலும் நின்று உளுத்தது. உள்ளே மக்களை அனுமதிப்பதும் நின்றது. 2004ஆம் ஆண்டிலே அதனை விடுவித்துச் செப்பனிட்டு, 2005ஆம் ஆண்டில் மீண்டும் கடலுக்கு அனுப்பினர். இளைஞர் பலர் முறைமுறையாக அதிற் பணியாற்றினர். பசிபிக் சமுத்திரத்திலே பவளப்பாறையில் மோதிப் பெருஞ்சேதமுற்றது. நியூசீலாந்திற் செப்பனிடப்பட்டு மீண்டும் பயணஞ் செய்தது. 2007ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி பிளிமத் துறையை அடைந்தது. கற்றி சார்க் எரிந்து சரியாக ஒரு வாரம் கழிந்திருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துக் கடலிற் சென்றது வாழ்ந்தது, கரையில் நின்றது அழிந்தது என அவசரப்பட்டு முடிவு கூறலாகாது. கடலிற் சென்றதும் பாறையில் மோதியது. கரையில் நின்றதும் திருத்தப்பட்டு நிற்கின்றது. இரண்டையும் மீட்டது ஒன்றே: மரத்தையும் இரும்பையும் அறிந்த தொழிலாளர் இருந்தமை. ஒன்றை இயங்க விடுவதா நிறுத்தி வைப்பதா என்பது ஒவ்வொரு பொருளையும் நோக்கித் துணிய வேண்டியது. இவ்வறிவு கிறீனிச்சாருக்கு நன்குண்டு. நெட்டாங்கு காண்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டிலே யோன் ஹரிசன் ஆக்கிய கடல்மணிக்கூடுகளுள் முதல் மூன்றையும் அவர்கள் ஓடவிட்டுக் காட்டுகின்றனர். நான்காவதோ எண்ணெயிட்டாலன்றி ஓடாது; ஓடினாற் தேயும். ஆதலின் அதனை நிறுத்தி வைத்துள்ளனர். பொருளின் இயல்பறிந்து செய்யும் இத்தகைய தெளிவே பேணுதற்கலையின் உச்சம். அத்தெளிவு கப்பல்களின் விடயத்தில் எப்பொழுதும் காணப்பட்டதெனக் கூறவியலாது.

இதுவரை கூறியவற்றாற் பெறப்படுவது யாது? பழங்கப்பலிலே பேணத்தக்கவை மூன்று: உடல், உரு, தொழிலறிவு. இம்பிளாக்கபிளில் உடல் அழிய, உருவின் துண்டுகளே எஞ்சின. கற்றி சார்க்கில் உடல் காக்கப்பட, உரு பகுக்கப்பட்டது. ஜிப்சி மொத்தில் உடலை மட்டும் வைத்திருந்தபோது அதுவும் உளுத்தது. தொழில் மீண்டபோது மூன்றும் மீண்டன. மூன்றனுள் முதன்மை தொழிலறிவுக்கே உரியது. உடல் போயினும் தொழிலறிவு இருப்பின் மற்றொன்று கட்டலாம். தொழிலறிவு போயின், இருக்கும் உடலைக் காக்கவும் வழியில்லை. கண்ணாடிக் கூரையைப் பற்றி வாதிட்ட நாவுகளிற் பாதியேனும், வங்கும் பலகையும் பொருத்தவல்ல இளைஞர் அடுத்த தலைமுறையில் எத்தனை பேர் இருப்பர் என வினவியிருப்பின் நன்றாயிருக்கும்.

இவ்வினா நமக்கும் அயலானதன்று. காலிக் கோட்டையிலே கடல்சார் நூதனசாலை ஒன்று நம் நாட்டிலும் உண்டு. 1659ஆம் ஆண்டிலே காலித் துறையில் அமிழ்ந்த 'அவொண்ட்ஸ்ரர்' என்னும் ஒல்லாந்தக் கப்பலை ஆராய்ந்து அறிஞர் பல செய்திகளை வெளிக்கொணர்ந்துள்ளனர். பிறர் கட்டி நம் கரையில் அமிழ்ந்த கப்பல் அது. நம்மவர் கட்டிப் பிறர் கரை சேர்ந்த கப்பலும் ஒன்றுண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். அவ்வூர் மாலுமிகளே செலுத்த, அது 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. அதன் உடலை எந்த நூதனசாலையிலும் காண்டற்கில்லை. அதற்காக வருந்துவதோடு அமைதல் போதாது. ஏராவிட்டு வங்கு நிறுத்தி, பலகை அறைந்து, கலப்பற்றுப் பார்த்து, பாய்மரம் நாட்டிய ஓடாவிமாரின் அளவுகளும் மரத்தேர்வும் கருவிப்பெயர்களும் தண்டையல்மாரின் காற்றறிவும் எழுத்தில் அமைந்துளவா, படத்தில் அமைந்துளவா, பயிலும் கைகளில் அமைந்துளவா என்பதே நாம் கேட்க வேண்டியது. பெருங்கட்டடமும் கண்ணாடிக் கூரையும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. ஆனால் முதியோரை அணுகிக் கேட்டெழுதுதற்கும், கடற்கரைச் சிற்றூர்களில் இன்றும் வள்ளங்கட்டுவோரிடம் மாணவரை அனுப்புதற்கும் அரசின் சட்டமும் செல்வரின் கொடையும் வரும்வரை காத்திருத்தல் வேண்டா.

கிறீனிச் நமக்குக் கற்பிப்பது இரண்டு. பொருளைக் காக்க மனமிருந்தும் காலத்தில் திட்டமிடாதார் இறுதியிற் கொடியேற்றி அமிழ்த்துவர் என்பது ஒன்று. பொருளைக் காத்தும் தொழிலை மறந்தார் உளுத்த மரத்துக்கே காவலிருப்பர் என்பது மற்றொன்று. அந்நூதனசாலையின் மண்டபங்களிலே காணப்படும் அரும்பொருள்கள் யாவும் இவ்விரு பாடங்களுக்குப் பின்னரே வைத்தெண்ணத்தக்கன.